பெண்ணியமும் சமகாலக் கலையும்: காசு செலவில்லாமல் வீட்டிலிருந்தே படிக்க ஒரு வழி

பெண்ணியக் கலையைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ஒரே ராத்திரியில் நாலைந்து இலவசப் படிப்புகளில் பெயர் பதிந்து வைப்பதுதான். அடுத்த வாரம் பாடம் காத்திருக்கிறது என்று மின்னஞ்சல் வரும். அதற்கும் அடுத்த வாரம் அந்த மின்னஞ்சலைத் திறக்கவே கூச்சமாக இருக்கும். பணம் கட்டிச் சேர்ந்த படிப்பையே பாதியில் விடுகிறோம், இலவசத்தை விடச் சொல்லித்தர வேண்டுமா?

அதனால் என் யோசனை இது: இப்போதைக்கு எந்தப் படிப்பிலும் சேராதீர்கள். ஒரே ஒரு படைப்பை எடுத்து உட்கார்ந்து பாருங்கள். கோட்பாடு பின்னால் வரட்டும். கோட்பாட்டிலிருந்து தொடங்கியவர்களுக்குப் படைப்பு வெறும் உதாரணமாகச் சுருங்கிவிடும். படைப்பிலிருந்து தொடங்கினால் பின்னாளில் கோட்பாட்டோடு சண்டை போடவும் தெம்பு இருக்கும்.

கலைக்கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. கைபேசி, சுமாரான இணையம், ஒரு நோட்டு, தட்டுத்தடுமாறியாவது படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் இருந்தால் போதும். நான் இங்கே சொல்லும் பெயர்களைத் தேடும்போது ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள், நிறையக் கிடைக்கும்.

முதலில் ஆறு நிமிடம்

அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர் 1975இல் எடுத்த 'செமியாட்டிக்ஸ் ஆஃப் த கிச்சன்' என்ற வீடியோவைத் தேடி எடுங்கள். கறுப்பு வெள்ளை, சுமார் ஆறு நிமிடம், கேமரா நகராது. ஒரு சமையலறை மேசைக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறார். ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டிப் பெயர் சொல்கிறார்: ஏப்ரன், பவுல், சாப்பர் என்று. அவ்வளவுதான் கதை.

முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கையை மட்டும் கவனியுங்கள். ஃபோர்க்கைக் காற்றில் குத்துகிறார். கரண்டியால் கண்ணுக்குத் தெரியாத எதையோ மொண்டு, பாத்திரத்தில் ஊற்றாமல் பக்கவாட்டில் வீசிவிடுகிறார். முகத்தில் சிரிப்பும் இல்லை, வெளிப்படையான கோபமும் இல்லை. கடைசி எழுத்துகளுக்குப் பொருளே கிடையாது. கத்தியும் ஃபோர்க்கும் பிடித்த கைகளாலேயே எழுத்துகளை வரைகிறார். முடிவில் தோளைக் குலுக்குகிறார். இரண்டாம் தடவை சத்தத்தோடு பாருங்கள். ஒவ்வொரு பொருளும் மேசையில் விழுகிற ஓசை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

இனி நோட்டை எடுத்துப் பத்து வரி எழுதுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: 'இது எதைக் குறிக்கிறது' என்று ஒரு வரிகூட எழுதக் கூடாது. சட்டகத்துக்குள் என்ன இருக்கிறது, யார் எங்கே பார்க்கிறார், எது எவ்வளவு நேரம் நடக்கிறது, இவை மட்டும். சொல்லும்போது சுலபம், மூன்றாவது வரியிலேயே கை அர்த்தத்தைத் தேடி ஓடும். பிடித்து இழுத்து வாருங்கள்.

இது முடிந்ததும் யூடியூபில் உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு சமையல் சேனலைப் போட்டு, அதையும் சத்தமில்லாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். அங்கே கை எப்படி அசைகிறது, முகம் எதற்காகச் சிரித்துக்கொண்டே இருக்கிறது என்று அதே மாதிரி எழுதுங்கள். ராஸ்லர் கேலி செய்தது அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளை. இரண்டு பக்கக் குறிப்புகளையும் அருகருகே வைத்தால் எதைக் கேலி செய்கிறார் என்பது விளக்கவுரை இல்லாமலே பிடிபடும்.

பிறகு ஒரே ஒரு கட்டுரை

லிண்டா நாக்லின் என்ற கலை வரலாற்றாசிரியர் 1971இல் 'ஆர்ட்நியூஸ்' இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மகத்தான பெண் கலைஞர்கள் ஏன் இருந்ததில்லை என்ற கேள்விதான் தலைப்பு. பெண்ணியக் கலை வரலாற்றை யார் சொன்னாலும் இந்தக் கட்டுரையைத் தொடாமல் போக மாட்டார்கள். ஆர்ட்நியூஸ் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம்.

இப்படிக் கேட்டதும் 'ஏன் இல்லை, இதோ இருக்கிறார்களே' என்று பெயர்ப் பட்டியலை நீட்டத்தான் நமக்குத் தோன்றும். அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது என்கிறார் நாக்லின். மேதைமை என்பது பிறவியிலேயே உள்ளே இருந்து தானாக வெளியே வரும் ஏதோ ஒன்று என்று நம்பினால்தான் அந்தக் கேள்வி எழும். அவர் பார்ப்பது பள்ளியை, பயிற்சியை, யாருக்கு எந்தக் கதவு திறந்திருந்தது என்பதை. ஐரோப்பாவில் பெரிய ஓவியன் என்று பெயர் எடுக்க நிர்வாண மாடலை வைத்து வரைந்து பழகியிருக்க வேண்டும். அந்த வகுப்புக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பெண்களை விடவே இல்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். யோஹான் ஸோஃபனி 1772இல் முடித்த ஓர் ஓவியம், லண்டன் ராயல் அகாடமியின் உறுப்பினர்கள் நிர்வாண ஆண் மாடல்களைச் சுற்றிக் கூடியிருக்கும் காட்சி. பிரிட்டிஷ் அரச சேகரிப்பின் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்க முடியும். அகாடமியைத் தொடங்கிய உறுப்பினர்களில் ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் உண்டு. அவர்கள் எங்கே என்று தேடுங்கள். கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். வலப்பக்கச் சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக இருப்பார்கள்! நாக்லின் தன் கட்டுரையில் இந்த ஓவியத்தில் உள்ள காஃப்மனைக் குறிப்பிடுகிறார். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஓவியத்துக்குப் போவதைவிட, ஓவியத்தைத் துழாவிவிட்டுப் பத்திக்கு வருவது நல்லது.

ஆங்கிலம் தடுக்கினால் இப்படிச் செய்யுங்கள். ஒரு பத்தியை முதலில் ஆங்கிலத்திலேயே, புரிகிறவரை படியுங்கள். பிறகு உலாவியில் மொழிபெயர்த்துத் தமிழில் பாருங்கள். திரும்ப ஆங்கிலத்துக்கு வாருங்கள். நேராகத் தமிழாக்கத்தை மட்டும் படித்தால் ஓவியர் பெயரைக்கூட இயந்திரம் மொழிபெயர்த்து வைத்திருக்கும், கலைச்சொற்கள் பாடு கேட்கவே வேண்டாம். கட்டுரை நீளம் என்பதால் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். நான்கைந்து உட்காரலில் முடித்தால் போதும். ரோஸா போனர் பற்றிய கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மிருகச் சந்தைகளில் போய் வரைவதற்கு வசதியாகக் கால்சட்டை போட்டுக்கொள்ளக் காவல்துறையிடம் அனுமதி வாங்கியவர் அவர்.

இப்போது ஒரு படிப்பு, ஒன்றே ஒன்று

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், அதாவது மோமா, கோர்செரா தளத்தில் தரும் 'வாட் இஸ் கன்டெம்பரரி ஆர்ட்' என்ற படிப்பு ஆரம்பநிலைக்குப் பொருத்தம். 1980க்குப் பிந்தைய படைப்புகளைக் காலவரிசையில் அடுக்காமல் ஊடகம், இடப்பெயர்வு, பொருள்கள், அதிகாரம் என்று கருப்பொருள் வாரியாக எடுக்கிறார்கள். கலைஞர்களே தங்கள் பட்டறையில் நின்று பேசும் வீடியோக்கள் அதில் இருக்கின்றன, எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். சேரும்போது கவனமாக இருங்கள். இலவசமாகப் பார்க்கும் வழி இருந்தால் அது பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், அந்த விதிமுறையும் அடிக்கடி மாறுகிறது. சோதனைக் காலம் என்று சொல்லி அட்டை எண் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். மோமாவின் யூடியூப் சேனலிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

படிப்பு என்றாலே அலர்ஜி என்பவர்களுக்கு ஸ்மார்ட்ஹிஸ்டரி. பெத் ஹாரிஸ், ஸ்டீவன் ஸக்கர் என்ற இரண்டு கலை வரலாற்றாசிரியர்கள் 2005இல் தொடங்கியது. இரண்டு பேர் ஒரு படைப்பின் முன் நின்று பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பது போல இருக்கும், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பதிவு செய்ய வேண்டாம், கட்டணமும் கிடையாது.

பெண்ணியக் கோட்பாட்டுக்கு எம்ஐடியின் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் பெண்கள், பாலினம் பற்றிய ஒரு பிரிவே இருக்கிறது. அங்கே பாடத்தைவிட வாசிப்புப் பட்டியல்தான் பெரிய சொத்து. முதல் இரண்டு வாரத்துக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள், மொத்தப் பட்டியலையும் பார்த்தால் மலைத்துப் போவீர்கள். இந்தியப் பெண்கள் இயக்கத்தின் வரலாறு வேண்டுமென்றால் இக்னோவின், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின், இ-ஞானகோஷ் தளத்தில் பாலினக் கல்விப் பாடநூல்கள் பிடிஎஃப்பாகவே கிடைக்கும். நடை வறட்சிதான், சொல்லிவிடுகிறேன். ஆனால் வெளிநாட்டுப் படிப்பு எதிலும் வராத சட்டங்களும் போராட்டங்களும் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. இந்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். வேலைக்கோ மதிப்பெண்ணுக்கோ தேவைப்பட்டால் ஒழிய சான்றிதழுக்காக மெனக்கெடாதீர்கள்.

வாரம் மூன்று நாள், தடவைக்கு நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் வீட்டு வேலைக்கும் ஆபீசுக்கும் நடுவே தாங்கும். வீடியோவின் எழுத்துவடிவத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் பஸ்ஸில் படிக்கலாம், டேட்டாவும் மிச்சம். ஒரு எச்சரிக்கை: இந்தத் துறையில் நிர்வாணமும் ரத்தமும் முன்னறிவிப்பில்லாமல் வரும். தன் உடலையே ஊடகமாக்கிய கலைஞர் ஆனா மென்டியேட்டாவின் படைப்புகளை ஹாலில் இருக்கும் டிவியில் போட்டுவிட்டு அப்புறம் மாமியாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கலைஞர்களையே கேளுங்கள்

இயக்கத்தில் இருந்தவர்களின் குரல் பாடப்புத்தகத்துக்கு வரும்போது வழவழவென்று ஆகிவிடும். அதற்கு மாற்று, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகத்தின் இணையச் சேகரிப்பு. கலைஞரும் திரைப்பட இயக்குநருமான லின் ஹெர்ஷ்மன் லீசன் பல ஆண்டுகளாகப் பெண் கலைஞர்களை எடுத்த பேட்டிகள் வெட்டப்படாமல், எழுத்துவடிவத்தோடு அங்கே இருக்கின்றன. தயங்குவது, ஒருவரை ஒருவர் குறை சொல்வது எல்லாம் அப்படியே இருக்கும். 'ஹெரசீஸ்' என்ற நியூயார்க் பெண்ணியக் கலை இதழ் 1977 முதல் 1993 வரை 27 இதழ்கள் வந்தது. அதன் பழைய பிரதிகளையும் பிடிஎஃப்பாகத் தேடி எடுக்கலாம். இன்றைய கலைஞர்களுக்கு ஆர்ட்21 வீடியோக்கள்.

இந்தக் கட்டத்தில் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு போவது நல்லது. நான் பரிந்துரைப்பது நியூயார்க் கலைஞர் மீர்லே லேடர்மன் யூகலீஸ். குழந்தை பிறந்த பிறகு நாள் முழுக்கத் துடைப்பது, துவைப்பது என்று போனபோது, 1969இல் ஓர் அறிக்கை எழுதினார்: இந்தப் பராமரிப்பு வேலையே இனி என் கலை என்று. 1973இல் ஹார்ட்ஃபோர்ட் நகரின் வாட்ஸ்வர்த் அதீனியம் அருங்காட்சியகத்தின் படிகளை மண்டியிட்டுக் கழுவினார், அதுவே படைப்பு. 1979-80இல் நியூயார்க் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் 8,500 பேரையும் நேரில் போய்ப் பார்த்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். அறிக்கை சில பக்கங்கள்தான், இணையத்தில் கிடைக்கிறது. படித்துவிட்டு ஒரு கேள்வியை நோட்டில் எழுதி வையுங்கள்: இதே கைகுலுக்கல் சென்னையிலோ மதுரையிலோ நடந்தால் என்ன ஆகும்? தன் வீட்டுத் தரையைத் துடைக்கும் பெண்ணும் தெருவைக் கூட்டும் பெண்ணும் நம் ஊரில் ஒரே 'பெண்' ஆவதில்லை, நடுவே சாதி நிற்கிறது. நியூயார்க் அறிக்கையில் அதற்கு இடமே இல்லை. ஷர்மிளா ரேகே 1998இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் தலித் பெண்ணிய நிலைப்பாடு பற்றி எழுதிய கட்டுரையை அடுத்ததாகப் படியுங்கள். ஆய்விதழ்களின் இணைய நூலகமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு கட்டுரைகளைத் திரையிலேயே படிக்க விடுகிறார்கள்.

நியூயார்க்கிலேயே தங்கிவிடாதீர்கள்

இலவசப் பாடங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் செய்தவை என்பதால் பெண்ணியக் கலை அங்கேயே பிறந்து அங்கேயே முடிந்த மாதிரி ஒரு தோற்றம் வரும். அங்கேயே அதன் மேல் சண்டை நடந்திருக்கிறது. புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜூடி சிகாகோவின் 'த டின்னர் பார்ட்டி'யைப் பாருங்கள், 1974 முதல் 1979 வரை செய்தது. முக்கோண மேசையில் வரலாற்றிலும் புராணத்திலும் இருந்து 39 பெண்களுக்கு இலை போட்டது மாதிரி தட்டு வைத்திருக்கிறார், தரையில் இன்னும் 999 பெயர்கள். பெரும்பாலான தட்டுகளில் யோனியை நினைவூட்டும் மலர், வண்ணத்துப்பூச்சி வடிவங்கள். அடிமையாக இருந்து விடுதலைக்காகப் பேசிய கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத்தின் தட்டில் மட்டும் முகங்கள். ஏன் இவருக்கு உடல் இல்லை என்று கறுப்பின எழுத்தாளர்கள் கேட்டார்கள். நாமும் அந்தத் தட்டின் படத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் அந்த விவாதத்துக்குப் போக வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். ஷீபா சாச்சி 1980களில் டெல்லி வரதட்சணை எதிர்ப்புப் போராட்டங்களைப் படம் எடுத்தவர், அவற்றில் பங்கெடுத்தவரும்கூட. கையை உயர்த்திக் கோஷமிடும் பெண் என்ற அந்த ஒரே பிம்பம் அவருக்குப் போதவில்லை. போராட்டத்தில் இருந்த ஏழு பெண்களிடம், எங்கே நிற்பது, எப்படி நிற்பது, எந்தப் பொருளை அருகில் வைப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டார். 'செவன் லைவ்ஸ் அண்ட் எ ட்ரீம்' என்ற அந்தத் தொடரில் தெருவில் எடுத்த படங்களும், இப்படிச் சேர்ந்து உருவாக்கிய படங்களும் இருக்கின்றன. லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருப்பதால் அதன் தளத்தில் பார்க்கலாம். அந்த ஏழு பேரில் ஒருவரான சத்யராணி இரண்டு வகையிலும் வருகிறார். அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ராஸ்லருக்குச் செய்த அதே பத்து வரிப் பயிற்சியைச் செய்யுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றிலும் அதிகம் கற்றுத்தருவது இந்த ஒன்றுதான்.

கலைஞர் புஷ்பமாலா என்., புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' தொடரும் நமக்கு நெருக்கம். ரவிவர்மா ஓவியப் பெண்ணாக, காலனியகால மானிடவியல் புகைப்படத்தில் அளவுகோலுக்கு முன் நிற்கும் பெண்ணாக, தானே வேஷம் போட்டு நிற்கிறார். நாம் காலண்டரில் பார்த்து வளர்ந்த முகங்கள் என்பதால் முன்விளக்கம் தேவைப்படாது. மேலும் தேட ஹாங்காங்கின் ஏசியா ஆர்ட் ஆர்க்கைவ் தளம். கலை விமர்சகர் கீதா கபூர், ஓவியர் விவான் சுந்தரம் ஆகியோரின் ஆவணத் தொகுப்பு அங்கே மின்வடிவில் இருக்கிறது. நளினி மலானி, அர்பிதா சிங், மாதவி பரேக், நிலிமா ஷேக் என்ற பெண் ஓவியர்கள் நால்வரும் சேர்ந்து 1987 முதல் 1989 வரை ஊர் ஊராக நடத்திய கண்காட்சி பற்றியும் அங்கே தேடிப் பாருங்கள்.

ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்

கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு வரும் கொரில்லா கேர்ள்ஸ் குழு 1985இல் நியூயார்க்கில் தொடங்கியது. 1989இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய் எண்ணினார்கள்: நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் கீழே, நிர்வாண ஓவியங்களில் இருப்பவர்களில் 85 சதவீதம் பெண்கள். 2012இல் திரும்ப எண்ணியபோது முதல் எண் 4 சதவீதத்துக்கும் கீழே, இரண்டாவது 76. இந்தக் குழு 2018இல், இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவான கொச்சி பினாலேவுக்கும் வந்தது. அந்த பினாலேயில் படைப்புகளைத் தேர்ந்து அமைத்த அனிதா துபே அங்கே பொறுப்பேற்ற முதல் பெண் கியூரேட்டர்.

நீங்களும் செய்யலாம். எழும்பூர் அருங்காட்சியகம், சோழமண்டலம் ஓவியர் கிராமம், அருகிலிருக்கும் ஏதாவது ஒரு கேலரியின் இன்ஸ்டாகிராம் பக்கம், பிள்ளையின் பாடப்புத்தகம், எதுவானாலும் சரி. நான்கு கட்டம் போடுங்கள்: வரைந்தவர் ஆண், வரைந்தவர் பெண், படத்தில் பெண், படத்தில் பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள். நான்காவது கட்டம்தான் நேரம் எடுக்கும். கலைஞரின் பெயரை வைத்துப் பாலினம் தெரியாத இடங்களில் ஊகிக்காமல் காலியாக விடுங்கள்.

கடைசியாக, தமிழில் எழுதுங்கள்

எண்ணி முடித்தால் யார் பெயர் எங்குமே இல்லை என்று தெரிந்துவிடும். ஓவியர் டி.கே. பத்மினி 1940இல் கேரளத்தின் பொன்னானிப் பக்கம் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் படித்து, 1969இல் பிரசவத்தில் இறந்துபோனவர். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தப் பள்ளியை ஒட்டி வளர்ந்த ஓவிய இயக்கத்தைச் சென்னை இயக்கம் என்று பேசுகிறவர்கள் அவர் பெயரை எத்தனை தடவை சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2011இல் செய்த ஆய்வில் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்று தெரிந்தது. 2014இல் தொடங்கிய ஆர்ட்+ஃபெமினிசம் என்ற இயக்கம், பெண் கலைஞர்கள் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரைகளைக் கூட்டாக உட்கார்ந்து எழுத வைக்கிறது. மார்ச் மாதத்தை ஒட்டி உலகின் பல ஊர்களில் நடக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் இதை நீங்கள் தனியாகவே செய்ய முடியும்.

கணக்கு தொடங்கியதும் புதுக் கட்டுரைக்குத் தாவாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு கலைஞரின் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தை, நல்ல மேற்கோளோடு சேருங்கள். அது நிலைத்ததா என்று சில நாள் பாருங்கள். அப்புறம் உங்கள் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழக உங்களுக்கென்று இருக்கும் பக்கத்தில், புதுக் கட்டுரையை வளர்க்கலாம். கலைஞரின் சொந்தத் தளமும் கேலரியின் விளம்பரமும் சான்றாக நிற்காது. செய்தித்தாள், ஆய்விதழ், அருங்காட்சியகக் கையேடு மாதிரி மூன்றாவது ஆள் எழுதியது இரண்டு மூன்றாவது வேண்டும். ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் மொழிபெயர்த்து அப்படியே ஒட்டினால் யாராவது நீக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட.

படம் சேர்க்கும்போது காப்புரிமை பாருங்கள். இந்தியச் சட்டப்படி கலைஞர் இறந்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுக் கணக்கு. அம்ரிதா ஷெர்-கில் 1941இல் இறந்ததால் அவர் ஓவியங்கள் ஏற்கெனவே பொதுவெளிக்கு வந்துவிட்டன. பத்மினிக்கு 2029 முடிய வேண்டும். அதுவரை ஓவியத்தை வார்த்தையில் விவரித்து எழுதுங்கள், அந்தப் பத்து வரிப் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். கட்டுரையின் மேல் அதை நீக்கலாம் என்ற அறிவிப்பு (நீக்கல் வார்ப்புரு) வந்து விழுந்தால் பதற வேண்டாம். அதன் உரையாடல் பக்கத்துக்குப் போய், எந்தச் சான்றுகள் இருக்கின்றன என்று நிதானமாக எழுதிக் கூடுதல் அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.